உறை போட்டு மூடிய பெல்ட்

திருவனந்தபுரம் கரமனையில் ஷிபுவின் ஒர்க்‌ஷாப்புக்கு முன்னால், வேனின் பின் சீட்டுகள் இரண்டும் கழற்றப்பட்டுச் சாலையோரத்து வெயிலில் கிடந்தன. நாகேஸ்வரன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வேனுக்குள் எட்டிப் பார்த்தார். தரை விரிப்பை உரித்துப் போட்டு, ஷிபு தகரத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தான். வண்டிக்கு அடியிலிருந்து ஒரு ஜோடி கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவை அவருடைய தம்பி சுந்தரராமனின் கால்கள்.

"என்னடா பண்ணறேள் என் வண்டியை?"

"பேடிக்கண்டாம் சாமி, பயம் வேண்டாம்," என்றான் ஷிபு. "சின்ன ஓட்டையாக்கும். மழை பெய்தா இது வழி மீனொண்ணும் ஏறி வராது."

சுந்தரராமன் தவழ்ந்து வெளியே வந்தார். சிங்கப்பூரில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். அங்கே ஓட்டிய பழைய ஜப்பான் வேனை விற்க மனமில்லாமல் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். முன் சீட்டுக்கு மட்டும் பெல்ட் இருந்த காலத்து வண்டி அது. பின்னால் உட்காருகிறவர்களுக்கும் பெல்ட் வேண்டும் என்று புது பெல்ட்டுகளை அவரே வாங்கிவந்து ஷிபுவிடம் கொடுத்திருந்தார். சீட்டின் காலில் சும்மா முடுக்கினால் இடிக்கிற வேகத்தில் சீட்டோடு பிய்ந்துகொண்டு வந்துவிடும் என்பதால், தரைக்கு அடியில் இரும்புத் தகடு வைத்துப் போல்ட் போடச் சொல்லியிருந்தார்.

"பின் சீட்ல உக்காரறவாளைக் கட்டிப்போடறதுக்காடா இத்தனை பாடு?" என்றார் நாகேஸ்வரன். "உசிரோட இருக்கறவாளைக் கட்டறது நம்மாத்துல உண்டோ?"

"முன்னாடி இருக்கறவனுக்கு மட்டும்தான் உசிர்னு அங்கே யாரும் நினைக்கறதில்லை அண்ணா."

"அங்கே, அங்கே. சதா அங்கேதான். இங்கே மைதிலிக்கு நிச்சயதார்த்தம் வரது, ஓர்மை இருக்கோ இல்லையோ?"

அந்த ஞாபகம் எல்லோருக்கும் இருந்தது. கிழக்கேகோட்டையில் மூன்று தலைமுறையாகக் காப்பிப்பொடிக் கடை நடத்தும் குடும்பம் அது. பொடியில் கலப்படம் என்று ஒருவர் ஒரு சொல் சொன்னதில்லை. நாகேஸ்வரனின் மகள் மைதிலியை நாகர்கோவில் வடசேரியில் சேஷன் வீட்டுக்குக் கொடுப்பதென்று முடிவாகியிருந்தது. பையனுக்குப் புனாவில் வேலை. சேஷனின் மனைவி நீலாம்பாள், மைதிலியை ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்து, தானே வலிய வந்து கேட்ட சம்பந்தம் இது. குடும்ப மானம் என்பது கேலிக்குரிய பொருள் அல்ல. அதைக் காப்பாற்ற ஒரு மனிதன் கவலைப்படுவதில் தவறும் இல்லை. எதை மானம் என்று எண்ணுகிறோம் என்பதில்தான் நாகேஸ்வரன் தவறினார்.

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரிடம் எதையும் 'செய்யுங்கள்' என்று சொல்லக் கூடாது. அது அந்த வீட்டு வழக்கம். சாப்பிட எழுந்திருங்கள் என்றுகூடச் சொல்லமாட்டார்கள். இலை போட்டாயிற்று என்பார்கள், அவ்வளவுதான். இந்த வழக்கத்தின்படி, சம்பந்தியம்மாளிடம் "பெல்ட்டைக் கட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்வதும் ஏவல்தான். சொல்லாமல் விட்டாலும், பெல்ட் கண்ணில் பட்டால் அதுவே சொன்னதுபோல ஆகிவிடும் என்று நாகேஸ்வரனுக்குத் தோன்றியது.

நிச்சயதார்த்தத்துக்கு முன்பு அவர் வேனைச் சாலைக்கடைத் தெருவில் சீட் தைப்பவரிடம் அனுப்பினார். வெள்ளைத் துணியில் புது உறை. பெல்ட், கொக்கி எல்லாவற்றையும் சீட்டின் மேல் தட்டையாகப் படுக்கவைத்து, அவற்றுக்கு மேலே உறையை இழுத்துச் சுற்றித் தைத்துவிடச் சொன்னார். வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றபோது பின் சீட்டுகள் இரண்டும் கல்யாண மெத்தை மாதிரி இருந்தன.

சுந்தரராமன் கையால் தடவிப் பார்த்தார். துணிக்கு அடியில் கொக்கி தட்டுப்பட்டது.

"இது என்னத்துக்கு அண்ணா? போட்டது பூரா வீணா, வெறுதேயா?"

"வெறுதே ஒண்ணும் இல்லை. அதது அங்கேயே இருக்கட்டும். சம்பந்திகளை இறக்கிவிட்டு வந்தப்பறம் பிரிச்சுக்கோ."

"சம்பந்தி கிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க பேசவே வேண்டாம்."

"நீ மட்டும் என்ன பிள்ளையாத்துக்காரனோ? வந்து ஏறினதும் 'கட்டிக்கோங்கோ மாமி'ன்னு சொல்லுவாய். வடசேரிக்குப் போய் அவா என்ன சொல்லுவா? திருவனந்தபுரத்துக்காரா எங்களைக் கன்னுக்குட்டி மாதிரி கட்டி ஓட்டிண்டு வந்தான்னு சொல்லுவா. மதி, போதும். இதைப் பத்தி இனிப் பேச வேண்டாம்."

சுந்தரராமன் உறையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். ஒரு நாள்தானே என்று எண்ணிக்கொண்டார். அறிந்தவன் அடங்கிப்போவது அறியாதவன் செய்யும் பிழையைவிடப் பெரியது என்பது அவருக்கு அப்போது தெரியவில்லை.

நிச்சயதார்த்தம் குறையில்லாமல் நடந்தது. வழக்கப்படி மாப்பிள்ளை வரவில்லை. சேஷனும் நீலாம்பாளும், சேஷனின் தம்பியும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். நீலாம்பாள் கலகலப்பான மனுஷி. மைதிலியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "உங்கப்பா காப்பிக்கடை வச்சிருக்கார்ங்கறதுக்காக நீ எனக்கு நாழிக்கு நாழி காப்பி தர வேண்டாம், கேட்டியா? எனக்கு டீதான் பிடிக்கும். இதை உங்கப்பா கிட்ட சொல்லிடாதே, சம்பந்தத்தை முறிச்சுண்டுடுவார்," என்று சிரித்தாள்.

சாயங்காலம் அவர்களை வடசேரியில் கொண்டுபோய் விட நாகேஸ்வரன் தானே கிளம்பினார். முன் சீட்டில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்னால் பெல்ட் போடாமல் சுந்தரராமன் வண்டியை எடுக்கமாட்டார் என்பது தெரியும் என்பதால் முனகிக்கொண்டே போட்டுக்கொண்டார்.

நீலாம்பாள் அதைக் கவனித்தாள். அவள் நடு சீட்டில், நாகேஸ்வரனுக்கு நேர் பின்னால் இருந்தாள்.

"பின்னாடி எங்களுக்கு இல்லையா இது? புனாவுல பிள்ளை கார்ல ஏறினா இதைப் போடாம விடமாட்டான். எனக்கும் பழகிடுத்து. போடலைன்னா என்னமோ மாதிரி இருக்கு."

சுந்தரராமன் கண்ணாடி வழியே அவளைப் பார்த்தார். "மாமி, அது வந்து" என்று தொடங்கினார். கியரின் மேலிருந்த அவர் கையை நாகேஸ்வரன் அழுத்திப் பிடித்தார்.

"பழைய வண்டியாக்கும் அம்மா. பின்னாடி அதெல்லாம் கிடையாது," என்றார் நாகேஸ்வரன். "இவன் மெள்ளத்தான் ஓட்டுவான். நீங்க சாஞ்சு உக்காரலாம்."

"சாரமில்லை, பரவாயில்லை," என்றாள் நீலாம்பாள். சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குக் கீழே, துணிக்கு அடியில் பெல்ட் இருந்தது.

நெய்யாற்றின்கரை தாண்டும்போது மழை பிடித்தது. பாறசாலைக்கு முன்னால் ஒரு வளைவில், பழுதாகி நின்றுபோன ஜல்லி லாரி ஒன்று பாதிச் சாலையை அடைத்துக்கொண்டிருந்தது. பின்விளக்கு எரியவில்லை. சுந்தரராமன் பிரேக்கை மிதித்தார். ஈரச் சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போய் லாரியின் பின்புறத்தில் மோதியது.

முன்னால் இருந்த இருவரையும் பெல்ட் பிடித்து நிறுத்தியது. பின்னால் இருந்தவர்களைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. சேஷனின் கை முறிந்தது. அவர் தம்பிக்கும் தம்பி மனைவிக்கும் முகத்தில் அடி. நீலாம்பாள் தூக்கி எறியப்பட்டு, முன் சீட்டுகளுக்கு நடுவே வந்து முன் கண்ணாடிக்குக் கீழே தலை மோதிக் கிடந்தாள். ஊர்க்காரர்கள் நல்லவர்கள். மழையில் ஓடிவந்து, கிடைத்த ஜீப்பில் எல்லோரையும் ஏற்றினார்கள். நீலாம்பாளின் தலை நாகேஸ்வரனின் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரி வருவதற்கு முன்பே அவள் மூச்சு நின்றது.

நாகேஸ்வரனுக்கு மார்பின் குறுக்கே பெல்ட் அழுத்திய நீலக் கோடு ஒன்று விழுந்திருந்தது. வேறு காயம் இல்லை. வீட்டுக்கு வந்தபின் அவர் சட்டையைக் கழற்றாமலே இருந்தார். வேஷ்டி மட்டும் கட்டிக்கொண்டு பூஜை செய்கிற மனிதர், துண்டைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு பூஜை செய்தார். கேட்ட மனைவியிடம் குளிர்கிறது என்றார்.

துக்கம் கேட்க அண்ணனும் தம்பியும் வடசேரிக்குப் போனபோது, புனாவிலிருந்து வந்திருந்த பையன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அம்மா பெல்ட் போட்டுண்டிருந்தாளா மாமா?"

"பழைய வண்டி. பின்னாடி பெல்ட் இல்லைப்பா," என்றார் நாகேஸ்வரன்.

சேஷன் கட்டுப் போட்ட கையோடு சுவரில் சாய்ந்திருந்தார். "உங்க மேல ஒரு குத்தமும் இல்லை ஓய்," என்றார். "எல்லாம் எங்க தலையெழுத்து. மைதிலியை யாரும் ஒண்ணும் சொல்லிடாதீங்கோ. அவ ஆசைப்பட்டுப் பாத்த பொண்ணு. வருஷம் கழிஞ்சதும் கல்யாணத்தை நடத்திடலாம்."

திரும்பும் வழியெல்லாம் நாகேஸ்வரன் தம்பியின் காதில் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். "மைதிலியோட வாழ்க்கையாக்கும். நீ வாயைத் திறந்தா அவ இந்த ஜென்மத்துல மணையில உக்காரமாட்டா. நம்மாத்துப் பேரும் போயிடும்."

நசுங்கிய வேன் போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் நின்றது. மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் அதைப் பரிசோதிக்க வந்த அன்று, அண்ணனும் தம்பியும் போனார்கள். வண்டியில் கிடந்த நீலாம்பாளின் கைப்பையை வாங்கிக்கொள்ளச் சேஷனும் வந்திருந்தார். இன்ஸ்பெக்டர் மலையாளி, தமிழ் பேசுகிறவர். பிரேக்கைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். கதவைத் திறந்து பின் சீட்டைப் பார்த்தார். வெள்ளை உறையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"பின்னாலே பெல்ட் உண்டோ?"

"இல்லை," என்றார் நாகேஸ்வரன்.

"பழைய வண்டியல்லே. சரி." இன்ஸ்பெக்டர் எழுதக் குனிந்தார்.

சுந்தரராமன் வண்டிக்குள் ஏறினார். நாகேஸ்வரன், "டேய், இறங்கு," என்றார். சுந்தரராமன் சாவிக்கொத்தில் இருந்த சிறு கத்தியைப் பிரித்து, நீலாம்பாள் உட்கார்ந்திருந்த இடத்தில் உறையை நீளக் கிழித்தார். தையல் விட்டுக்கொடுத்தது. உள்ளேயிருந்து பெல்ட்டை வெளியே இழுத்தார். கொக்கியின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கூட இன்னும் உரிக்கப்படவில்லை.

சேஷன் நடந்து வந்தார். முறியாத கையால் கொக்கியை எடுத்துத் துவாரத்தில் செருகினார். அது டக்கென்று பூட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார்.

"நன்னாத்தானே பிடிக்கறது," என்றார். பிறகு, "இதை ஏன் மூடினேள்?" என்று கேட்டார்.

"உங்களைக் கட்டிக்கோங்கோன்னு சொல்லறது மரியாதை இல்லைன்னு" என்று நாகேஸ்வரன் தொடங்கினார். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமான வார்த்தை என்று அவர் காதுக்கே கேட்டது.

"அவ கேட்டாளே ஓய். வாயை விட்டுக் கேட்டாளே. எனக்கு வேணும்னு கேட்டவ கிட்ட, இல்லைன்னு சொல்லறதா மரியாதை?" சேஷனின் குரல் உயரவில்லை. "தெரியாம நடந்ததுன்னு நினைச்சுண்டு உங்களுக்கு நான் ஆறுதல் சொன்னேன். இனிமே நம்ம ரெண்டு குடும்பத்துக்கும் பேச்சு வேண்டாம்."

கைப்பையை இடுக்கிக்கொண்டு அவர் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. மைதிலியின் கல்யாணம் அந்த முற்றத்திலேயே முடிந்துபோனது.

இன்ஸ்பெக்டர் சங்கடத்தோடு பேனாவை உருட்டினார். "சாமி, பழைய வண்டிக்கு இது சட்டத்துல கட்டாயமொண்ணும் இல்லை. நான் வேணும்னா எழுதாம விடறேன். லாரிக்கு லைட் இல்லை. அது மதி."

நாகேஸ்வரன் சட்டைப் பித்தான்களைக் கழற்றினார். மார்பின் குறுக்கே கோடு இன்னும் மங்காமல் இருந்தது.

"எழுதுங்கோ," என்றார். "என் உசிரை இது பிடிச்சு நிறுத்தித்து. அந்த அம்மாவுக்கும் இருந்தது. நான் துணி போட்டு மூடினேன். கேட்டப்போ இல்லைன்னு பொய் சொன்னேன். வீட்டு மானம்னு நான் நினைச்சது வெறும் வறட்டு ஜம்பம் சார். நம்ம வண்டியில ஏறினவாளைக் கட்டிக்கோங்கோன்னு சொல்லி, முழுசாக் கொண்டுபோய் அவாத்து வாசல்ல இறக்கி விடறதுதான் மானம். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு உசிரைக் கொன்னேன். ஒரு எழுத்து விடாம எழுதுங்கோ. எங்க தெருவுல இதை நானே சொல்லிக்கறேன்."