விற்ற பூட்டு

ஷட்டரில் தொங்கிய பூட்டைப் பார்த்ததும் சாவிக்காரருக்குக் கோபம் வருவதற்கு முன்பு அடையாளம்தான் தெரிந்தது. கனமான பித்தளைப் பூட்டு, வளையத்தில் ஒரு கீறல். போன மாதம் கட்டட ஓனர் இதே கடையில் நின்று, "கீறல் விழுந்ததை எவன்யா முழு விலைக்கு வாங்குவான்?" என்று மல்லுக்கட்டி, விலையைக் கரையவைத்து வாங்கிப்போன பூட்டு அது. வாடகைக்கு இருக்கிறவன் ஓனரிடம் பேரத்தில் ஜெயித்ததாகச் சரித்திரம் கிடையாது, அவரும் விட்டுக்கொடுத்தார். அந்தப் பூட்டுதான் இப்போது அவர் கடை வாசலிலேயே தொங்கிப் பல்லிளித்தது.

தப்பு நேற்றுச் சாயங்காலம் நடந்தது. "ஷட்டர் துருப்பிடிச்சு அசிங்கமா இருக்கு. பெயிண்டருக்குச் சொல்லிட்டேன், சாவியைக் குடுத்துட்டுப் போங்க" என்றார் ஓனர். வருகிற போகிறவருக்கெல்லாம் 'சாவியை யாரிடமும் கொடுக்காதீர்கள்' என்று இலவசமாக உபதேசம் செய்கிற மனிதர், தன் சாவியைக் கழற்றி, வேட்டி முனையில் துடைத்து வேறு கொடுத்தார். ஷட்டரில் ஒரு சொட்டுப் பெயிண்ட் விழவில்லை.

ஓனருக்குப் போன் போட்டார்.

"காலி பண்ணிட்டீங்கன்னுல்ல நினைச்சேன்!" என்றது அந்தப் பக்கம், தேன் தடவிய குரலில். "சாவியை நீங்களாத்தானே கையில குடுத்தீங்க? நான் பிடுங்கினேனா? செல்போன் கம்பெனிக்காரன் அட்வான்சோட நிக்கிறான். மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க."

பக்கத்துச் செருப்புக்கடைக்காரருக்கு வேடிக்கை பார்க்கும் யோகம். "என்னண்ணே யோசனை? நீங்க ஊதினாலே திறந்துக்குமே!"

பொய்யில்லை. வெளிவேலைக்குப் போகும் பை தோளில் இருந்தது. அதிலிருந்த வளைந்த கம்பி ஒன்று போதும், பேச்சு முடிவதற்குள் பூட்டு வாய் பிளக்கும். பைக்குள் போன கையை, கூட வந்திருந்த மனைவி பிடித்துக்கொண்டாள்.

"நேத்து சாவி குடுக்கிறப்ப என்னைக் கேக்கலை. இன்னைக்காவது கேளுங்க. கையை எடுங்க."

நேராக வக்கீலம்மா வீட்டுக்கு இழுத்துப் போனாள். வக்கீலம்மா ஒருமுறை சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றபோது திறந்துவிட்டவர் இவர்தான். அந்த நன்றிக்கு நாற்காலி கிடைத்தது.

"வாடகைக்கு ரசீது இருக்கா?"

"முகத்துக்கு நேரா கையில குடுத்துடுவேன்மா. சிரிச்சுக்கிட்டே வாங்கிப்பார்."

"அவர் சிரிப்பு கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லாதுங்க. கரண்ட் பில் யார் பேர்ல?"

"என் பேர்லதான்."

"அது போதும், அதை வெச்சு ஆரம்பிக்கலாம். இப்ப நல்லா கேட்டுக்கங்க. கோர்ட் உத்தரவு இல்லாம வாடகைக்காரரை வெளிய தள்ள ஓனருக்கு உரிமை கிடையாது. சாவியை வாங்கிப் பூட்டுப் போட்டா காலி பண்ணதா ஆயிடாது. ஆனா நீங்க பூட்டைத் திறந்தீங்க, அடுத்த நிமிஷம் திருட்டுப் புகார் குடுப்பார். பூட்டைத் திறந்தது சாவிக்காரர்னு சொன்னா எந்தப் போலீஸ்காரர் நம்ப மாட்டார்?"

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்ப என் சாவி வெட்டுற மெஷினையாவது வெளிய..."

"அதான் கூடாது. உங்க மெஷின், பூட்டு, ஸ்டூல் எல்லாம் உள்ள இருக்கிற வரைக்கும் கடை உங்க கையில இருக்குன்னு நான் பேச முடியும். நீங்களா எடுத்துட்டுப் போயிட்டா, நீங்களா காலி பண்ணதா அவர் பேசுவார். ஒரு ஆணி கூட வெளிய வரக்கூடாது. அவர் திடீர்னு நல்லவரா மாறுவார் பாருங்க, அப்பத்தான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்."

கோர்ட்டில் மனு போடப்பட்டது. போலீஸ் ஸ்டேஷனில் புகாரை வாங்கிக்கொண்டு, "ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கங்க" என்று அனுப்பிவைத்தார்கள். பேசித் தீர்க்கிற விஷயமாக இருந்தால் இங்கே ஏன் வருகிறோம் என்று கேட்க நாக்கு துடித்தது. மனைவி முழங்கையால் இடித்தாள்.

அதற்குப் பிறகு மூடிய ஷட்டருக்கு முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்தார். கை அரத்தால் ராவி ராவி ஒரு சாவி முடிப்பதற்குள் வந்த ஆள் கொட்டாவி விட்டு அடுத்த தெருவுக்குப் போனான். வீட்டில் பால் வாங்குவது பாதியானது. உரிமை இருக்கிறது என்று வக்கீலம்மா சொன்னாள், இருக்கட்டும். அதை எடைபோட்டு எந்தக் கடையில் அரிசி வாங்குவது என்றுதான் தெரியவில்லை.

அப்படி ஒரு மத்தியானத்தில் ஓனர் வந்தார், பின்னாலேயே ஒரு லோடு ஆட்டோ.

"எனக்கும் மனசு கேக்கலைங்க. தொழில் சாமான் பாவம். நானே திறந்து விடுறேன், நிதானமா எடுத்துக்கங்க. ஆட்டோ வாடகை கூட என்னோடது."

தன் செலவில் யாருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தறியாத மனிதர்! சாவிக்காரருக்கு உள்ளுக்குள் மணியடித்தது. ஆனால் ஷட்டர் மேலேறி, எண்ணெயும் இரும்புத்தூளும் கலந்த வாசம் முகத்தில் அடித்ததும் அந்த மணி எங்கோ போய்விட்டது. மெஷின் மேல் கைவைத்தார். இது மட்டும் இருந்தால் நாளைக்கே ஏதாவது ஒரு முக்கில் கடை போடலாம். கோர்ட் எப்போது சொல்லும், என்ன சொல்லும், யாருக்குத் தெரியும்? மெஷின் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குக் கனக்கிறது. ஆட்டோக்காரர் ஒரு பக்கம் பிடித்தார். இவர் மறுபக்கம் பிடித்துத் தூக்கினார்.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த மனைவி வாசலிலேயே நின்றாள். உள்ளே வந்து, இடுப்பில் செருகியிருந்த வீட்டுச் சாவியை எடுத்து மேஜையில் டக்கென்று வைத்தாள்.

"இதுக்கு ஒரு சாவி போடணும். அவசரம். எவ்வளவு ஆகும்?"

சாவிக்காரர் அவளைப் பார்த்தார். மெஷினைப் பழைய இடத்திலேயே இறக்கினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வழக்கமான ரேட்டுதாம்மா."

"குறைச்சுக்க மாட்டீங்களா?"

"கட்டாதும்மா."

சுவிட்சைப் போட்டார். மெஷின் கிர்ரென்று அலறியது.

"என்னய்யா நாடகம் இது?" ஓனரின் குரலில் இருந்த தேன் வற்றிவிட்டது.

"நாடகம் இல்லீங்க. கஸ்டமர்."

"எந்திரிச்சு வெளிய வா!"

"கோர்ட்ல சொல்லச் சொல்லுங்க, வர்றேன்." சொல்லிவிட்டுச் சாவியை மெஷினில் அழுத்தினார்.

ஓனர் ஆட்டோவை அனுப்பிவிட்டு, செருப்புக்கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கி எதிர்ப்பக்கம் போட்டு உட்கார்ந்தார். மடியில் அந்தக் கீறல் விழுந்த பூட்டு. "எவ்வளவு நேரம் உக்காருவே? ஒண்ணுக்கு வந்தா வெளிய வந்துதானே ஆகணும்!"

சாவிக்காரர் வக்கீலம்மாவைப் போனில் பிடித்தார்.

"நல்ல காரியம் பண்ணீங்க. திங்கட்கிழமை மனு விசாரணைக்கு வருது. அதுவரைக்கும் யாராவது ஒருத்தர் உள்ளயே இருங்க."

"உத்தரவு கிடைச்சுடுமாம்மா?"

"கிடைக்கணும்" என்றாள் வக்கீலம்மா.

சாவிக்காரருடையது வியாபாரக் காது. சரக்கு நிச்சயமாக வரும் என்கிறவன் குரல் எப்படி இருக்கும், வந்தால் நல்லது என்கிறவன் குரல் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியும். போனை மெதுவாகக் கீழே வைத்தார்.

வெயில் இறங்கியது. ஷட்டரை இறக்கி நம் பூட்டைப் போட்டுக்கொள்ளலாம் என்றாள் மனைவி. "நான் உள்ள இருக்கேன், நீங்க வெளிய பூட்டிட்டுப் போய் முகம் கழுவிட்டு வாங்க. சுவத்துல இத்தனை பூட்டு தொங்குதே, நல்லதா ஒண்ணு எடுங்க."

ஒவ்வொன்றாக இறக்கினார். ஒன்று ஒரு தட்டில் திறக்கும். இன்னொன்று ஹேர்ப்பின்னுக்கே மசியும். பெரிய டப்பாவில் இருந்ததற்கு மட்டும் கொஞ்சம் மூச்சுப் பிடிக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் 'எவனாலும் திறக்க முடியாது' என்று சத்தியம் செய்துதான் விற்றுக்கொண்டிருக்கிறார். அடுத்த தெருவிலும் ஒரு சாவிக்காரன் இருக்கிறான். ஓனர் கூப்பிட்டால் பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

"எதுங்க நல்ல பூட்டு?"

"எல்லாமே நல்ல பூட்டுதான்."

"என்கிட்டயுமா வியாபாரம்?"

சாவிக்காரர் பூட்டுகளைத் திரும்ப ஆணியில் மாட்டினார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய், ஷட்டர் இறங்குகிற கோட்டுக்கு நேராக வாசலில் போட்டு, கால்களை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். எதிர்ப்பக்கத்தில் ஓனர் ஒரு டீ வரவழைத்து, இவர் பார்க்கும்படி நிதானமாக ஊதிக் குடித்தார்.