நானூற்று முப்பது

மார்கழி பிறந்த ஒன்பதாம் நாள் காலையில், கீழ்வேளூர் கடைத்தெருவில் தன் ஜவுளிக்கடை ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, அதற்கடியில் நின்றபடி உபைதுல்லா ஒரு பிளாஸ்டிக் குழாயை ஊதினார். குழாயின் முதுகில் எண்கள், எண்களுக்கு நடுவே ஒரு சிவப்பு முள். முள் இருநூற்று நாற்பது வரை போய், அதற்கு மேல் ஏற மனமில்லாமல் நின்றது. மூன்று தடவை ஊதி, எது அதிகமோ அதை நோட்டில் எழுத வேண்டும் என்பது டாக்டர் கவிப்ரியாவின் உத்தரவு. மூன்று தடவையும் இருநூற்று நாற்பதுதான். அவருடைய நுரையீரலுக்கு அளவுக்கு மீறிய நேர்மை.

மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கினால் அவருக்கு இளைப்பு வந்துவிடும். மாசி வரை தங்கிவிட்டுத்தான் போகும். இந்த வருஷம் அதை வாசலிலேயே மறித்துவிடுவதென்று உபைதுல்லா தயாராக இருந்தார். காலையும் மாலையும் ஸ்ப்ரே இரண்டு இழுப்பு, இழுத்ததும் வாய் கொப்பளிப்பு. காய்ச்சல் ஊசி போட்டாயிற்று. கொசுவர்த்தி வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. குடிப்பதும் குளிப்பதும் வெந்நீர். தன் கடைச் சரக்கிலேயே கனமான ஸ்வெட்டர், அதன்மேல் மஃப்ளர், தலைக்குக் குரங்குக் குல்லா, காலுக்கு சாக்ஸ். ஷார்ஜாவில் இருபத்திரண்டு வருஷம் ஏசியில் வெறும் சட்டையோடு வேலை பார்த்த மனிதர், சொந்த ஊரில் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய நின்றார். ஸ்வெட்டர் வாங்க வந்த ஒரு பெண், கடை வாசலில் அசையாமல் நின்றவரின் கையைத் தொட்டுப் பார்த்து, "இதுல பச்சை இருக்கா?" என்று கேட்டதும் உண்டு.

அப்போதுதான் பக்கிரி வந்தார். ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்து சம்பா போட்டிருப்பவர். இருவரும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம். விடியும்போதே வயலைச் சுற்றிவிட்டு, முழங்கால் வரை பனியில் நனைந்து, வெறுங்காலோடு, தலையில் ஒரு துண்டோடு வந்து இந்தக் கடையில் டீ குடிப்பது உபைதுல்லா ஷார்ஜாவிலிருந்து திரும்பிய நாள்முதல் பழக்கம். முப்பது வருஷம் பீடி குடித்தவர். போன வருஷம்தான் அதை விட்டுவிட்டு வெற்றிலைக்கு மாறியிருந்தார்.

"என்ன பாய் அது, நாயனமா?"

"மூச்சு அளக்குற மீட்டர்யா. டாக்டரம்மா குடுத்தது."

"எங்க குடுங்க, நானும் ஒரு ஊது ஊதிப் பாக்குறேன்."

உபைதுல்லா பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டே வாய் வைக்கும் இடத்தை வெந்நீரில் கழுவிக் கொடுத்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. பக்கிரி வெற்றிலையைச் சாக்கடையில் துப்பி, வாய் கொப்பளித்து, குழாயை வாங்கி, ஒரே ஒரு தடவை 'ப்தூ' என்றார். முள் நானூற்று முப்பதில் நின்றது.

உபைதுல்லா முள்ளைப் பார்த்தார். பக்கிரியின் நெஞ்சைப் பார்த்தார். மறுபடி முள்ளைப் பார்த்தார். கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து டீயோடு வந்த ரசியா பேகமும் பார்த்துவிட்டாள். "மாஷா அல்லா, பக்கிரிண்ணன் நெஞ்சு இன்னும் எளவட்டமாவே இருக்கு. நீங்களும் இருக்கீங்களே" என்றாள். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருஷத்தில் அவருடைய நெஞ்சுக்கு அவள் ஒரு மாஷா அல்லா சொன்னதில்லை.

அன்றிலிருந்து அது தினசரி நிகழ்ச்சியாயிற்று. பக்கிரி வருவார், துப்புவார், ஊதுவார், நானூற்று முப்பது. பக்கத்துப் பாத்திரக்கடை சித்தீக் அதைப் பார்ப்பதற்கென்றே சீக்கிரம் கடை திறந்தார். "பனிதான் பாய் மருந்து. அதப் போயி போத்திக்கிட்டு வெரட்டுறீங்க" என்று பக்கிரி வைத்தியம் வேறு சொன்னார். ஒரு பீடியைக்கூடத் தொடாதவனுக்கு இருநூற்று நாற்பது, ஊரிலுள்ள பீடியெல்லாம் குடித்தவனுக்கு நானூற்று முப்பது. இது என்ன நியாயம் என்று தொழுகையில் கேட்கக்கூடாது என்று தெரிந்தும் உபைதுல்லா கேட்டார். நண்பனுக்கு வயல் இருந்ததில் அவருக்குப் பொறாமை வந்ததில்லை. அவனுடைய மகள் தஞ்சாவூரில் வேலையிலிருந்ததிலும் வந்ததில்லை. ஆனால் இந்த மூச்சு, அதுவும் பராமரிப்பே இல்லாத ஓசி மூச்சு, அவரை அரித்துத் தின்றது. ஒருநாள் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு வாய்க்கால் கரையில் வெறுங்காலோடு நடந்துகூடப் பார்த்தார். மறுநாள் முள் இருநூற்றுப் பத்தில் நின்றது. ரசியா பேகம் கஷாயம் கொடுத்ததோடு நிற்காமல், கேட்கவே முடியாத சில வார்த்தைகளையும் சேர்த்துக் கொடுத்தாள்.

பிறகு அவர் பக்கிரியின் வாயைக் கவனிக்க ஆரம்பித்தார். ஐந்தாறு நாள் கவனித்ததில் பிடிபட்டது. பக்கிரி ஊதவில்லை. உதட்டை இறுக்கி, நாக்கை உள்ளிருந்து சுண்டினார். வெற்றிலை எச்சில் தெருவின் எதிர்ப்பக்கம் வரை போய் விழுமே, அதே சுண்டல். உபைதுல்லா ஸ்டாக் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நாக்கைச் சுண்டினார். நானூற்று நாற்பது.

நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதினார். ரசியா பேகம் அதைப் பார்த்துவிட்டு நாகப்பட்டினத்திலிருக்கும் தங்கைக்கு போன் போட்டுச் சொன்னாள். மதியம் அவர் தட்டில் ஈரல் விழுந்தது. மூன்றாவது துண்டை மெல்லும்போதுதான் மீதிக் கணக்கும் வந்து சேர்ந்தது. தன்னுடைய நானூற்று நாற்பது பொய் என்றால், பக்கிரியின் நானூற்று முப்பதும் பொய்தான். பக்கிரி ஏமாற்றவில்லை. வெற்றிலைக்குப் பழகிய வாய். அதற்குத் தெரிந்த விதத்தில் காற்றைத் தள்ளியது. அப்படியானால் அந்த நெஞ்சுக்குள் உண்மையில் எவ்வளவு இருக்கும்? அந்த இடத்தில் அவருக்குக் கவலை வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. நிம்மதியோடு நான்காவது துண்டையும் எடுத்துக்கொண்டார்.

ஆனால் தெரிந்துகொண்ட கண் சும்மா இருப்பதில்லை. கடையிலிருந்து பார்த்தால், பக்கிரி வரும் வழியிலிருக்கும் மதகு தெரியும். அதன் கட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் தினமும் நிற்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. தண்ணீரைப் பார்ப்பவர்போல நிற்பார். தோள் மட்டும் ஏறி ஏறி இறங்கும். அவர் நிற்கும் நேரத்தில் உபைதுல்லா ஆறு ஸ்வெட்டர் மடித்துவிடலாம். கடைக்கு வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து, வெற்றிலை மெல்லும் சாக்கில் சற்று நேரம் பேசாமல் இருப்பார். அதன் பிறகுதான் நையாண்டியெல்லாம்.

அந்த வாரம் பக்கிரி கடையில் இருந்தபோது அவர் மகள் விஜயலட்சுமி போன் செய்தாள். பக்கிரிக்கு ஸ்பீக்கரில் போட்டால்தான் பேச வரும்.

"அப்பா, வெள்ளிக்கெழம நெஞ்சு டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கேன். போன தடவ வந்தப்ப எங்க வீட்டு மாடிப்படி ஏற முடியாம பாதியில உக்காந்தீங்களே."

"எனக்கு எதுக்கும்மா டோக்கனு? நான் நானூத்து முப்பது ஊதுறேன். நம்ம பாய் உடம்பு பூரா கம்பளியச் சுத்திக்கிட்டு இப்பத்தான் எட்டிப் புடிச்சிருக்காரு. வேணும்னா அவரையே கேளு."

"பாய் மாமா, பக்கத்துல இருக்கீங்களா? அப்பா சொல்றது நெசமா?"

ரசியா பேகம் டீ டம்ளரோடு நின்றாள். சித்தீக் நின்றார். நோட்டு திறந்திருந்தது. உபைதுல்லா அதிலிருந்த தன் நானூற்று நாற்பதைப் பார்த்தார்.

"மீட்டர்ல நானூத்து முப்பதுன்னுதாம்மா காட்டுது" என்றார்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"நீங்க சொன்னாச் சரிதான் மாமா. டோக்கன கேன்சல் பண்ணிடுறேன்."

வெள்ளிக்கிழமை பனி இறங்கிய இறக்கத்தில் ரயில்வே கேட்டே தெரியவில்லை. மதகில் துண்டு கட்டிய தலை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. உபைதுல்லா மடிக்க ஆரம்பித்தார். ஆறு. ஒன்பது. பதினொன்றாவது ஸ்வெட்டரைப் பாதி மடிப்பில் போட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் சாக்ஸோடு தெருவில் இறங்கினார். மதகுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கும் இளைத்தது. இரண்டு பேரும் கட்டையின் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, பேச மூச்சில்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள்.

"யோவ், நீ ஊதல" என்றார் உபைதுல்லா. "துப்புற."

"என்ன... பாய்?"

"நாக்கால சுண்டுற. முள்ளு ஏமாந்து ஓடுது. என்னோட நானூத்து நாப்பதும் அதான். ஒன்னப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன்."

பக்கிரி கட்டையில் கையை மாற்றிப் பிடித்தார். "எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"ஒரு வாரமா."

"விஜயா கேட்டப்ப?"

"அப்பவும் தெரியும்."

"ஏன் பாய்?"

"பொறாமதான்யா. வேற என்ன."

பக்கிரி தன் காலைப் பார்த்தார், ஈர வேட்டியைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்தார். "எம்மேலயா?" என்றார். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர்போல இருந்தது அந்தக் குரல். அதற்கு மேல் பேச அவருக்கு மூச்சில்லை. சாக்ஸோடு ஓடியவரைத் தொடர்ந்து வந்து எல்லாவற்றையும் கேட்டிருந்த சித்தீக் பைக்கை எடுத்து வந்தார்.

டாக்டர் கவிப்ரியா அப்போதுதான் கிளினிக் திறந்திருந்தாள். பக்கிரியைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். உபைதுல்லா நாக்கு விஷயத்தைச் சொன்னதும் தன் மீட்டரை நீட்டினாள். "நாக்க அசைக்காதீங்கய்யா. நல்லா மூச்ச இழுத்து, அடுப்பு ஊதுற மாதிரி ஊதுங்க."

பக்கிரி அடுப்பு ஊதினார். முள் நூற்று இருபதில் நின்றது. இத்தனை நாள் எந்த எண்ணைப் பார்த்தால் தன் வயிறு குளிரும் என்று உபைதுல்லா நினைத்திருந்தாரோ, அதைவிடக் கீழே இருந்தது. கவிப்ரியா அதை எழுதவில்லை. பக்கிரியின் விரலில் ஆக்சிஜன் அளக்கும் ஒரு கிளிப்பை மாட்டினாள், அதைப் பார்த்தாள், மருந்தைப் புகையாக்கும் மெஷினை இழுத்து வந்து முகமூடியைப் பொருத்தினாள். தஞ்சாவூருக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும், வண்டிக்குச் சொல்லிவைக்கட்டுமா என்று மட்டும் கேட்டாள். அவளாகவே சொல்லியும் வைத்தாள்.

பின்னாலேயே ஓடிவந்த ரசியா பேகம் புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. மதகில் நடந்ததை சித்தீக் சொல்லியிருக்க வேண்டும். நேராக வந்து, உபைதுல்லாவின் கழுத்திலிருந்த மஃப்ளரை உருவி, பக்கிரியின் ஈரக்காலைச் சுற்றிப் போர்த்தினாள். "பேசாதீங்கண்ணே, நல்லா இழுங்க" என்றாள். உபைதுல்லாவின் கழுத்தில் குளிர் ஏறியது. அந்த நேரத்திலும், அந்த இடத்திலும், பழைய அரிப்பு ஒரு தடவை தலைதூக்கிப் பார்த்ததை அவர் உணர்ந்தார். தன்னைத்தானே அறைந்துகொள்ளலாமா என்று தோன்றியது. அதற்கும் மூச்சு வேண்டும்.

பக்கிரியின் இடுப்பில் போன் அடித்தது. முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் உபைதுல்லாவைப் பார்த்தன. கை போனை எடுத்து அவரிடம் நீட்டியது. திரையில் மகள் பெயர்.

உபைதுல்லா வாங்கினார். அது உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. கவிப்ரியா நிமிர்ந்து பார்த்தாள். பச்சைப் பொத்தானை அழுத்தியதும், "அப்பா?" என்றது குரல். முகமூடியின் இரண்டு பக்கத் துளைகளிலிருந்தும் வெள்ளைப் புகை வந்து காற்றில் கரைந்தது. மஃப்ளருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதத்தில் வயல் சேறு காய்ந்து வெடித்திருந்தது. அதன் கட்டைவிரல், ஒவ்வொரு இழுப்புக்கும் மேலே போய், கொஞ்சம் தயங்கி, இறங்கிக்கொண்டிருந்தது.