மணிக்கட்டா, ஓஸா

கொரோனாவில் மூடிய டைவிங் கடையைத் திரும்பவும் திறக்கப் போவதாக அந்தமானிலிருந்து முதலாளி போன் செய்தார். இரண்டு புது டைவ் கம்ப்யூட்டர் வாங்குகிறாராம். ஜோடியாகக் கடலுக்குள் போகிறவர்கள் ஒரே மாதிரிதான் வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. "மணிக்கட்டுல கட்டறதா, சிலிண்டர் ஓஸ்ல தொங்கறதா? ரெண்டு பேரும் பேசிச் சொல்லுங்க" என்றார்.

ஜோடி என்றால் தமிழழகனும் பாவாடையும். இருவருக்கும் கள்ளக்குறிச்சிதான், கடை மூடியதும் ஊர் திரும்பியிருந்தார்கள். தமிழழகன் வீட்டுக்குக் கச்சிராயபாளையம் ரோட்டில் கரும்புக் கொல்லை. பாவாடை வீட்டில் எல்லோரும் கூலி வேலை. கருணாபுரத்தில் வாடகைக்கு இருந்தார்கள். முன்பு ஊரில் இருந்தவரை ஒருவரையொருவர் தெரியாது. கடை இருக்கும் ஹேவ்லாக் தீவில்தான் பழக்கம். அங்கே ஒரே அறை, ஒரே சட்டிச் சோறு, தண்ணீருக்குள் ஒருவன் மூச்சுக்கு மற்றவன் காவல்.

எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், இன்னும் எவ்வளவு நேரம் இருக்கலாம், மேலே வரும் வேகம் சரியா என்பதையெல்லாம் அந்தக் கருவிதான் சொல்லும். தவறினால் ரத்தத்தில் குமிழி கட்டி ஆளை முடக்கிவிடும். தமிழழகன் மணிக்கட்டுக் கட்சி. "கண்ணு முன்னாலயே இருக்கும்டா. ஓஸ்ல தொங்கறது பாறையில இடிச்சிக்கினே வரும், ஒவ்வொரு வாட்டியும் இழுத்து இழுத்துப் பாக்கணும்."

பாவாடை விடமாட்டான். "காத்து மீட்டரும் அதுவும் ஒண்ணா இருக்கும், சிலிண்டரோடயே வரும். கையில கட்டறத நீ குளிக்கசொல்ல கழட்டி வெச்சிட்டு மறந்துட்டு படகு ஏறுவ. உன்ன எனக்குத் தெரியாதா?"

வியாழக்கிழமை இருவரும் வெள்ளிமலைக்குப் போய் அருவியில் குளித்துவிட்டு, முடிவுகட்டி அங்கிருந்தே முதலாளிக்குச் சொல்வதாகப் பேச்சு. பஸ் ஸ்டாண்டில் சந்திப்பது.

அதே வியாழக்கிழமை இட ஒதுக்கீடு கேட்டு மனு கொடுக்கும் போராட்டம் வந்துவிட்டது. காலையிலேயே தமிழழகனின் அண்ணன் ராஜாங்கம், தம்பியின் மணிக்கட்டில் சாதிச் சங்கத்துக் கயிற்றைக் கட்டினான். இந்தப் பக்கத்தில் கயிற்றின் நிறத்தைப் பார்த்தால் போதும், பெயர் கேட்க வேண்டியதில்லை.

"வூட்டுக்கு ஒரு ஆளு வரலன்னா என் மூஞ்சியில துப்புவானுங்க. வா."

இட ஒதுக்கீடு கேட்பதில் தப்பிருப்பதாகத் தமிழழகனுக்குத் தோன்றவில்லை. பாவாடையிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தான். என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிட்டான்.

மனு கொடுத்த பிறகு சங்கத்து ஆட்களோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். போராட்டத்தால் மலைக்குப் போகும் பஸ் எதுவும் ஓடவில்லை. அந்தப் பக்கம் பாவாடை துண்டும் பையுமாக நின்றிருந்தான். தமிழழகனைக் கண்டதும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து உயர்த்திக் காட்டினான். தண்ணீருக்குள் அதற்கு 'நல்லா இருக்கியா?' என்று அர்த்தம். நன்றாக இருப்பவன் அதையே திருப்பிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவனிடம் போக வேண்டும்.

தமிழழகன் கையைத் தூக்கவில்லை.

பாவாடை மறுபடி காட்டினான். பிறகு ரோட்டைக் கடந்து ஓடிவந்தான். "இன்னாடா ஆச்சி? ஒடம்பு சரியில்லியா?"

பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அந்த 'டா' எல்லோர் காதிலும் விழுந்திருந்தது.

"யார்ரா இவன்?" என்றான் ராஜாங்கம்.

"எங்க கடையில இருக்கறான். நாங்க போட்டுக்கினு போற டிரஸ்ஸு, சிலிண்டரெல்லாம் கழுவி வெக்கறவன்" என்றான் தமிழழகன்.

பாவாடை கயிற்றைப் பார்த்தான். தமிழழகன் முகத்தைப் பார்த்தான். "ஆமாங்க" என்றான் ராஜாங்கத்திடம். அப்புறம் தமிழழகன் பக்கம் திரும்பினான். "மொதலாளி கேட்டாருங்க. மணிக்கட்டுல கட்டறதா, ஓஸ்ல தொங்கறதா? இன்னா சொல்லட்டுங்க?"

"தண்ணிக்குள்ள கம்ப்யூட்டரா?" என்று பக்கத்திலிருந்த மாயவன் கேட்டான். "முதுவு தேச்சு உடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். தமிழழகனும் சிரித்தான். "மணிக்கட்டுன்னே சொல்லிடு."

"சரிங்க." பாவாடை திரும்பிப் போய் முன்பு நின்ற இடத்திலேயே நின்றான். பஸ் வராது என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் தமிழழகன் முதலாளியைக் கூப்பிட்டு, ஓஸ் மாடலே போதும் என்றான். ஓஸில் தொங்குவதை ஜோடியே எட்டி இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம். மணிக்கட்டில் இருப்பதைக் காட்ட, கயிறு கட்டிய அந்தக் கையைப் பாவாடை முகத்துக்கு நேரே நீட்டவேண்டும்.

"நேத்தே பாவாடை சொல்லிட்டானே, ரெண்டும் மணிக்கட்டுன்னு. நீதான கேட்ட?" என்றார் முதலாளி.

தீவுக்குத் திரும்பும்போது கப்பலிலேயே கயிற்றை அறுத்துக் கடலில் போட்டான். பாவாடை முன்னமே வந்திருந்தான். தமிழழகனின் டைவிங் சூட்டும் கழுவிக் கொடியில் தொங்கியது.

"என்து எதுக்குடா கழுவின?"

"அதானங்க என் வேல."

"பாவாட, அன்னிக்கி வந்து..."

"கஸ்டமருங்க நிக்கறாங்க. படகு ஏறுங்க."

கடலடியில், நேரம் எவ்வளவு இருக்கிறது என்று பாவாடை சைகையால் கேட்டான். தமிழழகன் கயிறு இல்லாத மணிக்கட்டில் புதுக் கருவி கட்டியிருந்த கையை நீட்டினான். முன்பெல்லாம் எதைக் காட்டினாலும் பாவாடை கையைப் பிடித்துத் திருப்பித்தான் பார்ப்பான். இப்போது தன் கைகளைக் கட்டிக்கொண்டு, தள்ளி நின்றே பார்த்தான். பிறகு விரல்களை வட்டமாக்கிக் காட்டினான். நல்லா இருக்கியா?

தமிழழகன் திருப்பிக் காட்டவில்லை.

பாவாடை மறுபடி காட்டினான். கொஞ்சம் பார்த்தான். பிறகு கால் துடுப்பை உதைத்து வந்து, அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். ஆழம், நேரம், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கண்ணாடிக்குள் தெரிந்த தமிழழகன் முகத்தையும் பார்த்தான். அப்புறம் கையை விட்டுவிட்டுக் கஸ்டமர்கள் பக்கம் போனான்.

நீட்டிய கையை மடக்காமலே தமிழழகன் அவன் பின்னால் நீந்தினான்.