ஏழாவது ரவுண்டு யாருக்கு?

மனிதர்களில் இரண்டே வகைதான் உண்டு. பத்து-ஒன்பது போடுகிறவர்கள், பத்து-பத்து போடுகிறவர்கள். இரண்டாவது வகையினருக்கு ஓட்டுரிமை, ஓட்டுநர் உரிமம், பிள்ளை பெறும் உரிமை ஆகிய மூன்றையும் உடனடியாக ரத்து செய்ய வேண்டும். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

குத்துச்சண்டை தெரியாத பாவப்பட்டவர்களுக்காக ஒரு விளக்கம். ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் நடுவர்கள் அட்டையில் மதிப்பெண் எழுதுவார்கள். ரவுண்டை ஜெயித்தவனுக்குப் பத்து, தோற்றவனுக்கு ஒன்பது. தோற்றவன் கீழே விழுந்திருந்தாலோ, விழாமலே செமத்தியாக வாங்கியிருந்தாலோ எட்டு. இரண்டு பேரும் சமம் என்று தோன்றினால் இரண்டு பேருக்கும் பத்து போடலாம் என்று விதியில் ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்தில் ஒதுங்குகிறவன் யார்? அம்மாவும் பெண்டாட்டியும் அடித்துக்கொள்ளும்போது பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொள்கிற ஆசாமி. கண்ணெதிரே மூன்று நிமிடம் இரண்டு பேர் மூஞ்சியைக் கிழித்துக்கொள்கிறார்கள், யார் கை ஓங்கியிருந்தது என்று சொல்ல அவனுக்குத் துப்பில்லை.

எங்கள் கல்லூரி நகைச்சுவை இதழில் இதை ஒரு பக்கத்துக்கு எழுதினேன். இதழுக்கு ஆசிரியரும் நானே. முந்நூற்றுப் பன்னிரண்டு ரவுண்டுகளுக்கு வீடியோ பார்த்து மதிப்பெண் போட்டிருக்கிறேன், அதில் ஒரு பத்து-பத்துகூடக் கிடையாது என்று கடைசி வரியில் அறிவித்திருந்தேன். புள்ளியியல் துறையில் இரண்டு பேர் படித்தார்கள். ஒருவன் எழுத்துப் பிழை சொன்னான்.

எனக்கு இந்தக் கிறுக்கு வந்த வழி வீட்டு வழிதான். இருபத்தொன்பது வருடங்களுக்கு முன் ஒரு குத்துச்சண்டைப் பட்டத்துக்காக அப்பாவும் மாமாவும் பத்து ரவுண்டு மோதினார்கள். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். மூன்று நடுவர்களில் இரண்டு பேர் மாமாவுக்கும் ஒருவர் அப்பாவுக்கும் கொடுத்தார்கள். மூன்று அட்டையிலும் வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. தோற்ற அப்பா முகவீக்கம் வடிந்த கையோடு, அடித்தவரின் தங்கையையே கட்டிக்கொண்டார்.

அன்று தொடங்கிய தகராறு ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடக்கும். நாலு மணிக்கு மாமாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும். செருப்பைக் கழற்றும்போதே அப்பா ஆரம்பித்துவிடுவார்.

"வாய்யா திருட்டு சாம்பியன்."

"வந்துட்டேன்யா தோத்தாங்குளி."

"பட்டம் உனக்கு, தங்கச்சி எனக்கு. இப்ப சொல்லு மச்சான், யாரு ஜெயிச்சது?"

"அவ சமையல இத்தன வருஷமா தின்னவன் நீ. எந்த நடுவரைக் கேட்டாலும் நான்தான்னு சொல்லுவான்."

அம்மா கரண்டியோடு எட்டிப் பார்ப்பாள். "ரெண்டு பேருக்கும் டீ கிடையாது."

மற்ற ஒன்பது ரவுண்டுகளில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. அப்பாவுக்கு நான்கு, மாமாவுக்கு ஐந்து. ஆனால் மூன்றாவது ரவுண்டில் அப்பா மாமாவைக் கீழே விழவைத்திருந்தார், அதில் மாமாவுக்கு எட்டு. கூட்டினால் எண்பத்தைந்துக்கு எண்பத்தைந்து. மிச்சம் இருப்பது ஏழாவது. அது யாருக்கோ, பட்டம் அவருக்கு.

ஏழாவதில் முதல் இரண்டு நிமிடம் தன்னுடையது என்பது அப்பா கட்சி. இடது கையால் இருபத்திரண்டு குத்து, எண்ணிக்கொண்டே குத்தினாராம். கடைசி ஒரு நிமிடம் தன்னுடையது என்பது மாமா கட்சி. "குத்தை எண்ணக் கூடாது மாப்ள, எடை போடணும். நீ குத்துனது கொசுவுக்கு. நான் குத்துனது ஆளுக்கு."

இப்படியே போயிருந்தால் நானும் சிரித்துக்கொண்டே கல்லூரிப் பட்டம் வாங்கியிருப்பேன்.

அப்பா ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தார். ஆயிரம் தாளை ஒரே இறக்கில் அறுக்கிற கத்தி. கை போய்விடக் கூடாது என்பதற்காக அதில் இரண்டு பொத்தான் வைத்திருப்பார்கள், இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நாள் கத்தி இறங்க மறுத்தது. மெக்கானிக் வந்து பார்த்தார். இயந்திரத்தில் கோளாறு இல்லை. அப்பாவின் இடது கை, வலது கையைவிட அரை நொடி தாமதமாக வந்துகொண்டிருந்தது.

நரம்பு டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தலையில் வாங்கிய அடிகள் என்றார். "எந்த அடின்னு சொல்ல முடியாது. மொத்தமாச் சேர்ந்ததுதான்." உடன் வந்திருந்த மாமா தலையாட்டினார். அன்றிலிருந்து அவர் வாயில் 'எடை' என்ற சொல் வருவதில்லை.

அப்பாவுக்கு முதலில் போனது கை. அப்புறம் தெருப் பெயர், அச்சகத்தின் பெயர், என் பெயர். குளியலறைக்குப் போவதாக எழுந்து பீரோவைத் திறந்து, உள்ளே தொங்கிய சட்டைகளைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றிருப்பார். ஒரு நாள் அம்மா சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது மரியாதையாகக் கேட்டார்: "உங்க வீட்டுக்காரர் எப்பங்க வருவாரு? நான் இப்படி உக்காந்திருக்கிறது நல்லா இருக்காது."

அம்மா, "வர நேரந்தான். நீங்க சாப்பிடுங்க" என்றாள்.

ஆனால் ஞாயிறு நாலு மணிக்கு ஸ்கூட்டர் வந்து நின்றால், அவ்வளவு பேரையும் தொலைத்த அந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, "வாய்யா திருட்டு சாம்பியன்" என்பார். ஒரு மணி நேரம். இருபத்திரண்டு குத்தையும் வரிசையாகச் சொல்வார். இடையில் என்னைப் பார்த்து, "இவன் என் பையன். காலேஜ்ல படிக்கிறான். வாய் ஜாஸ்தி" என்று மாமாவுக்கு அறிமுகம் செய்வார். வாரத்தில் எனக்கு அப்பா இருப்பது அந்த ஒரு மணி நேரம்தான்.

இந்த நிலைமையில் ஒரு புத்திசாலி என்ன செய்வான்? சும்மா இருப்பான். நான் அந்தச் சண்டையின் வீடியோ கேசட்டைத் தேடிப் போனேன்.

பழைய விளையாட்டுக் கழகத்தின் சாமான் அறையில், கிழிந்த வலைகளுக்கும் ஒரு கால் இல்லாத நாற்காலிக்கும் அடியில் அது கிடந்தது. போட்டோ ஸ்டுடியோவில் கொடுத்துக் கணினியில் ஏற்றி வந்தேன். "மூணே நிமிஷம். இருபத்தொன்பது வருஷ வழக்கைத் தீர்த்து வெக்கிறேன்" என்று மேசை மேல் ஏறாத குறையாக அறிவித்தேன். பழைய நடுவர் அட்டை மாதிரியே ஒன்றை அச்சடித்துக்கூட வைத்திருந்தேன்.

அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"உனக்கு யாருடா இந்த வேலையைக் குடுத்தது?"

"யாரு ஜெயிச்சாங்கன்னு தெரிஞ்சுக்க வேணாமாம்மா?"

"எனக்கு எதுக்குத் தெரியணும்? அந்த ஆளுக்கு ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு. அந்தச் சண்டை. அதையும் நீ முடிச்சு வெச்சிட்டேன்னு வெய்யி, அடுத்த ஞாயித்துக்கெழம அண்ணன் வந்து என்ன பேசும்? இவரு என்ன பேசுவாரு? உக்காந்து பீரோவைப் பாக்கவா?"

"அதுக்காக உண்மையைச் சொல்லாம இருக்க முடியுமா?"

"நடுவர் பெரிய நடுவர்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் ஆடியது. நான் வெங்காயத்தின் மீது பழியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அன்று வெங்காயம் நறுக்கவே இல்லை.

அந்த ஞாயிறு மாமா வந்தார். கேசட் கிடைத்த சேதி கேட்டதும் செருப்பைக் கழற்றாமலே நின்றார். லிஃப்ட் மெக்கானிக், முப்பது மாடிக் குழிக்குள் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர். அவர் முகத்தில் அன்றுதான் முதல்முறை பயம் பார்த்தேன்.

"எதுக்குடா அதெல்லாம்? எனக்குக் கண்ணு வேற சரியில்ல. நீங்க பாருங்க. நான் தங்கச்சிகூடப் பேசிக்கிட்டு இருக்கேன்" என்று, அப்பா கண்ணில் படாமல் சமையலறைக்குள் போய்விட்டார்.

பயந்துவிட்டார், அப்படியென்றால் அப்பாதான் ஜெயித்திருக்கிறார் என்று நான் கணக்குப் போட்டேன். அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு, அட்டையையும் பேனாவையும் மடியில் வைத்துக்கொண்டு, ஏழாவது ரவுண்டை ஓடவிட்டேன்.

வெளிறிய படம். சிவப்பு டவுசர் அப்பா, நீல டவுசர் மாமா. இரண்டு பேரும் என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர்கள். சிவப்பு அழகாக ஆடியது. இடது, இடது, நகர்ந்து மறுபடி இடது. நான் எண்ணினேன். இரண்டு நிமிடத்தில் சரியாக இருபத்திரண்டு.

"நல்ல கையி" என்றார் அப்பா.

"யாருக்குப்பா?"

"அந்தச் செவப்பு டவுசருக்கு. யாரு தம்பி அது? நம்ம கிளப்பா?"

திரையில் நீலத்தின் வலது கை சிவப்பின் காதுக்கு மேலே இறங்கியது. சிவப்பு விழவில்லை. விழாததுதான் பார்க்கக் கொடுமையாக இருந்தது. கால்கள் ஊன்றியிருந்தன, கைகள் மட்டும் ஈரத் துணி மாதிரி தொங்கிவிட்டன. நீலம் இன்னும் நாலு குத்து விட்டது. தலை ஒவ்வொரு தடவையும் பின்னால் போய்த் திரும்பி வந்தது.

அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அவன் நின்னுக்கிட்டே தூங்குறான்டா! நிறுத்தச் சொல்லு. மேடையில நிக்கிற நடுவர் எங்கய்யா பாக்குறான்?"

அப்போது நீலம் நின்றது. கையை இறக்கி, ஓர் அடி பின்னால் வைத்து, மேடையில் இருந்த நடுவரைப் பார்த்தது. நிறுத்துங்கள் என்று கேட்பது போல முகத்தை மட்டும் ஆட்டியது. நடுவர் இரண்டு கையையும் அசைத்து, சண்டை போடு என்றார்.

"அந்த நீலம் நல்ல பையன். பாத்தியா, அடிக்க மாட்டேங்குறான்" என்றார் அப்பா.

நடுவர் மறுபடி கையசைத்தார். நீலம் முன்னால் வந்தது. மூன்று குத்து. மூன்றும் தலையில். மணி அடித்தது.

"அடிச்சுட்டானே" என்றார் அப்பா. "ஐயோ பாவம். அந்தப் பையன் பொழைச்சானா?"

சமையலறை வாசலில் மாமா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அப்பாவைப் பார்க்காமல் என் மடியில் இருந்த அட்டையைப் பார்த்தார்.

"எழுதுடா. எனக்குப் பத்து, அவனுக்கு எட்டு. ஒம்போதுகூடக் கெடையாது. எழுதித் தொலை."

"மாமா..."

"அந்தக் கடைசி மூணு குத்து இத்தன வருஷமா நாக்கு நுனி வரைக்கும் வந்து திரும்பிப் போகுது. உன் கையால எழுதிட்டா நான் ஒரு தடவ அழுதுட்டு வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டேன்."

அம்மா அவர் பின்னால் வந்து நின்றாள்.

குரல் கேட்டு அப்பா தலையைத் திருப்பினார். மாமாவைக் கண்டதும் முதுகு நிமிர்ந்தது. கண்ணில் விளக்கு போட்ட மாதிரி பழைய அப்பா வந்து சேர்ந்தார்.

"வாய்யா திருட்டு சாம்பியன்! எப்ப வந்த? நம்ம ஏழாவது ரவுண்டு கேசட்டு கெடைச்சிருச்சாம்ல? இவன் என் பையன். காலேஜ்ல படிக்கிறான். வாய் ஜாஸ்தி. இவன்தான் இன்னைக்குத் தீர்ப்பு."

மாமா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"மூஞ்சியப் பாரு, இப்பவே தோத்துட்டான்" என்று அப்பா சிரித்தார். உடனே சிரிப்பு கொஞ்சம் தணிந்தது. "மச்சான், ஒண்ணு சொல்லிட்டேன். தோத்தாலும் ஜெயிச்சாலும் அடுத்த ஞாயித்துக்கெழம வந்துரணும். வராம இருந்துராத."

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "எழுது தம்பி. பயப்படாத. உள்ளத எழுது."

திரையில் சிவப்பு, தவறான மூலைக்கு நடந்துபோய், எதிராளியின் முக்காலியில் உட்கார்ந்திருந்தது. நீலத்தின் ஆட்கள் அதன் கையைப் பிடித்து எழுப்பி, அதன் மூலைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். நான் படத்தை நிறுத்தினேன்.

இது பத்து-எட்டு. முதல்முறை ரவுண்டு பார்க்கிற குழந்தைகூடச் சொல்லும். பேனாவின் மூடியைக் கழற்றினேன். சிவப்பின் கட்டத்தில் பத்து என்று எழுதினேன். அட்டையைக் கொஞ்சம் என் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, நீலத்தின் கட்டத்திலும் பத்து என்று எழுதினேன்.