மேஜைமேல் கிடந்த ஸ்லீவ்

கட்டிலை அவசரமாக நகர்த்தியபோது அதன் கால் ஏறி, ஆவி பிடிக்கும் மெஷினின் வயர் இரண்டாக அறுந்துவிட்டது. ரேடியோ மெக்கானிக்கான கணவனுக்கோ இழுப்பு உச்சத்தில் இருந்தது. ஆம்புலன்ஸ் வர இன்னும் அரை மணி நேரம் ஆகுமாம். பதினாலு வருஷமாக அவன் தொடவே விடாத, ஈயம் உருக்கி ஒட்டும் சாலிடரிங் அயர்னை மனைவியே கையில் எடுத்தாள்.

வயருக்குள்ளிருந்த இரண்டு கம்பிகளையும் தனித்தனியே முறுக்கிச் சூடு வைத்தாள். பாழாய்ப்போன ஈயம் உருண்டு உருண்டு ஓடியதே தவிர ஒட்டித் தொலைக்கவில்லை. அவன் மூச்சுக்குத் திணறிக்கொண்டே மேஜையைச் சுட்டிக்காட்டினான்.

"சும்மா இருங்க! இப்பவும் குத்தம் கண்டுபிடிக்கணுமா?"

ஒருவழியாக இரண்டு இணைப்பும் பிடித்துக்கொண்டன. நிமிர்ந்தவளுக்கு உயிரே போய்விட்டது. இணைப்புகளை மூட வேண்டிய சின்னப் பிளாஸ்டிக் குழாய்கள், ஸ்லீவ் இரண்டும் மேஜைமேல் கிடந்தன. ஒட்டுவதற்கு முன்பே அவற்றை வயரில் கோத்திருக்க வேண்டும். மூடாமல் விட்டால் கம்பிகள் உரசி ஃபியூஸ் போய்விடும். வீட்டில் டேப்பும் இல்லை. இவ்வளவு நேரம் இதைத்தான் காட்டியிருக்கிறான் மனுஷன்.

அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. தன்னைத் தானே திட்டிக்கொண்டு ஒட்டியதை வெட்டினாள். ஸ்லீவைக் கோத்து, கண்ணீரைத் துடைக்கக்கூட நிற்காமல் மறுபடி ஒட்டி, சூடுகாட்டிச் சுருக்கினாள்.

மெஷின் உறுமியது. மாஸ்க்குக்குள் ஆவி நிறைந்தது. பத்து நிமிஷம் கழித்துக் கிடைத்த முதல் முழு மூச்சை அவன் அப்படியே செலவழித்தான்.

"ஈயத்த இப்படியா அள்ளி அப்புவாங்க?"

"திட்டுங்க," என்று அவள் அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இன்னும் நல்லாத் திட்டுங்க."