பாட்டு விடாத மணியன்

ஜேடர்பாளையத்து அணையில் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, உள்ளங்கையில் எரிகிற கற்பூரத்தை வைத்துக் கேட்டாலும் இதே கதைதான் வரும். ஒரு சொல் கூடுதல் கிடையாது. இதில் பொய் கலந்திருந்தால் சொன்ன வாய்க்கு ஆயுசுக்கும் வெற்றிலை கிடைக்காமல் போகட்டும். அதைவிடப் பெரிய சத்தியம் இந்தப் பக்கத்தில் யாரும் செய்வதில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம், ஆடிக் காற்று அடித்து ஓய்ந்த சமயம். சேலம் டவுனிலிருந்து செல்வமேரி டீச்சர் ஊஞ்சக்காட்டுப்பாளையம் ஆரம்பப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தார். கணவர் லாசர் லாரி ஓட்டுகிறவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. கூட வந்தது மகள் ரோசி மட்டும். ஏழு வயசு. நடப்பது என்றால் என்னவென்று அறியாத பிள்ளை. சொம்பை எடுத்து வா என்றால் ஓட்டம், வைத்துவிட்டு வா என்றாலும் ஓட்டம். ராத்திரி முழங்காலில் நின்று ஜெபம் சொல்லும்போதுகூடப் பின்னால் பாதம் இரண்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

டீச்சருக்குப் பாடத்தைவிட டிரில்லில்தான் உயிர். பிள்ளை வியர்க்காமல் வீட்டுக்குப் போனால் அன்றைக்குச் சம்பளம் வாங்கியது பாவம் என்று நினைக்கிற ரகம். வந்த வாரமே தலைமை ஆசிரியர் மருதாசலம் சாரிடம் போய், கடைசிப் பீரியடில் பிள்ளைகளை மைதானத்துக்கு விட வேண்டும் என்று கேட்டார்.

மருதாசலம் சார் பொடி டப்பாவைத் தட்டினார். "மைதானம் இருக்குதுங்க டீச்சர். அது பாட்டுக்கு அங்க கெடக்கட்டும். வராண்டாவுலயே கையக் கால ஆட்டச் சொன்னாப் பத்தாதுங்களா?"

"ஏன் சார், மைதானத்துல முள்ளு கிடக்கா?"

"முள்ளெல்லாம் இல்லீங்க. சுத்தமாத்தான் இருக்கும்."

அதுதான் விசேஷமே. ஊரைச் சுற்றி எருக்கும் சீமைக்கருவேலும் மண்டிக் கிடக்க, பள்ளிக்குப் பின்னாலிருந்த அந்தச் செம்மண் மைதானத்தில் ஒரு புல் முளைத்ததில்லை. அன்றாடம் யாரோ மிதித்து வைத்த மாதிரி மண் இறுகிக் கிடந்தது. பஞ்சாயத்தார் நன்றாகப் பராமரிக்கிறார்கள் என்று டீச்சர் சந்தோஷப்பட்டுக்கொண்டார். டவுன்காரர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

சுண்ணாம்புத் தூளில் நடுக்கோடும் ஓரக்கோடும் போட்டுச் சடுகுடு ஆரம்பித்தார். பையன், பெண் என்ற பேதம் கிடையாது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்பிள்ளைகளும் பாடிப் போக வேண்டும். கோட்டுக்கு வெளியே கட்டைவிரல் நகம் போனாலும் விசில். சொந்த மகளுக்கே அப்படி அவுட் கொடுத்து, ரோசி அன்றைக்குச் சோறு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்ததுண்டு. டீச்சர் விசில் ஊதினால் அது தாசில்தார் கையெழுத்து மாதிரி என்று பிள்ளைகளுக்குள் பேச்சு.

ஒரு நாள் ஆளைச் சுற்றி வளைத்துப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்காக எல்லாரையும் ஒரே பாதியில் நிறுத்திக் கைகோத்து நிற்கச் சொன்னார். எதிர்ப்பாதி காலி. வெயில் பளீரென்று அடித்தது. அப்போது தூரத்திலிருந்து கேட்பது போல, தாழ்ந்த குரலில், விட்டுப்போகாமல் ஒரு சத்தம்: சடுகுடு சடுகுடு சடுகுடு. வெண்ணந்தூர்ப் பக்கத்துத் தறிச் சத்தம் காற்றில் வருகிறது என்று டீச்சர் நினைத்தார்.

காற்றே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

காலிப் பாதியில் புழுதி கிளம்பியது. நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வெறுங்கால் தடம் ஒன்று விழுந்தது. பெரிய ஆளின் தடம், குதிகால் படாமல் முன்பாதம் மட்டும் ஊன்றியது. அதற்கு முன்னால் இன்னொன்று. வளைந்து வந்து, மூன்றாம் வகுப்பு வேலுமணியின் முன்னால் ஒரு நொடி நின்று, விர்ரென்று திரும்பிக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.

வேலுமணி தோளைத் தடவிக்கொண்டே வெளியே போய் உட்கார்ந்தான்.

"ஏண்டா உக்காந்துட்டே?"

"அவுட்டுங் டீச்சர்."

"யாருடா தொட்டது?"

"தெரியலீங். கை சில்லுனு இருந்துச்சுங்."

அன்றிலிருந்து வேலுமணி ஓடவில்லை. சாப்பிட்டான், வாய்ப்பாடு சொன்னான், கூப்பிட்டால் வந்தான். ஆனால் எழவு வீட்டிலிருந்து திரும்புகிறவர்கள் நடக்கிற நடை. அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொரு பிள்ளையாக வெளியே போய் உட்கார்ந்தது. தடம் தெரிந்தது கண் கூச்சம், இது வெயில் சோர்வு என்று டீச்சர் முடிவு கட்டினார். சோர்வுக்கு அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து டிரில். ஆகவே நேரத்தைக் கூட்டினார்.

ஊரில் யாரும் வருத்தப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்கிற பிள்ளைகளைப் பார்த்துப் பெற்றவர்கள் பூரித்துப் போனார்கள். காயப்போட்ட மிளகாய்க்குக் காவல் வைத்தால் கோழி வந்து மடியில் ஏறினாலும் அசையாமல் இருந்தார்கள். "டீச்சரம்மா என்னமோ மந்திரம் பண்ணி ஊட்டுல அடக்கி வெச்சிட்டாங்க" என்று பொன்னாத்தாள் என்கிற அம்மாள் ஒரு கூடை கத்தரிக்காய்கூடக் கொண்டுவந்து கொடுத்தார். "இப்பத்தான் இது பள்ளிக்கூடமாட்டம் இருக்குதுங்க" என்றார் மருதாசலம் சார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை ரோசி வெளியே போய் உட்கார்ந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் மகள் பக்கத்தில் இல்லாததைக் கண்டு டீச்சர் முன்னால் பார்த்தார்; பழக்க தோஷம். ரோசி பின்னால் வந்துகொண்டிருந்தாள். ராத்திரி ஜெபத்தில் அந்தப் பாதங்கள் இரண்டும் தரையில் கிடந்தன. தொட்டால் ஆற்றுக் கல் மாதிரி குளிர்ச்சி.

"கண்ணு, கால் வலிக்குதா?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏன்டி ஓட மாட்டேங்கிற?"

"நான்தான் செத்துட்டேனேம்மா," என்றாள் ரோசி, பல் விழுந்துவிட்டது என்று சொல்கிற குரலில். "ஆட்டத்துல."

காலையில் வேலுமணியின் அப்பா ராசப்பன் பள்ளி வாசலில் நின்றார். பையன் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. ராசிபுரத்து டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். பையன் கண் இமைப்பதுகூட எப்போதாவதுதான் என்றார் ராசப்பன். வேலுமணி முதலில் தொடப்பட்டவன். வேலுமணி இன்றைக்கு இருக்கிற இடத்துக்கு ரோசி சீக்கிரம் வந்து சேருவாள் என்பது டீச்சருக்குப் புரிந்துபோனது. நேரே மருதாசலம் சாரின் மேசை முன்னால் போய் நின்றார்.

"சார், அங்க யாரு சார்?"

சார் இந்தத் தடவை டப்பாவைத் தட்டவில்லை. "மணியனுங்க" என்றார்.

இருபது வருஷத்துக்கு முன்னால், பள்ளிக்கூடம் வருகிறதற்கு முந்தி, அது ஊரின் சடுகுடு மைதானம். மணியன் மாதிரி மூச்சுப் பிடிக்கிற ஆள் இந்த ஜில்லாவில் கிடையாது. பாட ஆரம்பித்தால் பார்க்கிறவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். அதே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து ஊரோடு நடந்த ஆட்டத்தில் எதிராளிகள் எல்லாரையும் தொட்டுவிட்டுத் திரும்பும்போது கோட்டுக்குக் கிட்டே விழுந்தார். கை நீட்டினபடி. எழுந்திருக்கவில்லை.

"வெரலு கோட்டத் தொட்டுருச்சுன்னு நம்மூர்க்காரங்க சொன்னாங்க. தொடலைன்னு அவங்க சொன்னாங்க. அதுல ஆரம்பிச்ச சண்டைல பொணத்தத் தூக்கவே சாயங்காலம் ஆயிப்போச்சுங்க. இன்னை வரைக்கும் ரெண்டு ஊருக்கும் பொண்ணு குடுத்து எடுக்கறதில்லை. மணியன் இன்னும் பாட்ட உடலீங்க டீச்சர். அவ்வளவுதான்."

"பாடிப் போறவரைப் பிடிச்சா, செத்த பிள்ளைங்க உயிரோட உள்ள வரலாம். அதுதானே சார் ஆட்டம்?"

"அதுதானுங்க. ஆனா மூச்சு இருக்கற ஆளுக்குத்தானுங்க மூச்சு முட்டும்?"

அன்று கடைசிப் பீரியடுக்கு டீச்சர் மற்றப் பிள்ளைகளை வகுப்பிலேயே பூட்டினார். தொடப்பட்டவர்களை மட்டும் அழைத்துப் போய் ஓரத்தில் வரிசையாக உட்காரவைத்தார். வேலுமணியை ராசப்பன் கட்டிலோடு கொண்டுவந்து போட்டுவிட்டு, வேலி மறைவுக்குப் போய்விட்டார். டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகி, கழுத்தில் விசிலைப் போட்டுக்கொண்டு, பாதி மைதானத்தில் ஒற்றை ஆளாக நின்றார்.

வெயில் அடித்தது. காக்கை கரைவதுகூட நின்றது. சடுகுடு சடுகுடு.

தடம் கோட்டைத் தாண்டியது. டீச்சர் குனிந்து, கைகளை அகட்டி, தடத்துக்கு மேலே ஆள் இருக்க வேண்டிய இடத்தில் பாய்ந்தார். கைக்குள் புழுதியும் கிணற்றடிக் குளிர்ச்சியும்தான் சிக்கின. மறுபடி பாய்ந்தார். சத்தம் அவரைச் சுற்றி வந்தது, ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. மூச்சு வாங்கியது அவருக்குத்தான். பிறகு முழங்கைக்கு மேலே, ரவிக்கையின் ஓரத்தில், ஒரு விரல் பட்டது.

கால்கள் இரண்டும் கனத்துப்போயின. அப்படியே உட்கார்ந்துவிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு சுகமாக வந்தது. தடம் திரும்பி, ஓரக்கோட்டை ஒட்டியே நடுக்கோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் எல்லாம் முடிந்தது. ஓரத்தில் ரோசி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா செத்துக்கொண்டிருப்பதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தடம் ஓரக்கோட்டுக்கு நாலு விரற்கடை உள்ளே விழுந்தது. டீச்சர் அதைக் கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டு விசிலை வாயில் வைத்து ஊதினார்.

"கோடு மிதிச்சாச்சு. அவுட்."

சத்தம் நின்றது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அந்த மைதானம் வெறும் மைதானமாக இருந்தது.

"ஏனுங் டீச்சர்," என்றது ஒரு குரல், மிகப் பக்கத்தில். "எங்கீங் மிதிச்சேன்?"

"இதோ, இங்க."

"இங்கீங்களா? நல்லாக் குனிஞ்சு பாருங்க. நாலு வெரலு உள்ளார இருக்குது. எத்தனை ஊருல பாடியிருக்கறனுங்க, கோடு மிதிச்சான் மணியன்னு ஒருத்தன் சொன்னதில்லை. படிச்சவங்க நீங்களே இப்பிடி நாயமில்லாம ஊதுனா சின்னப் பசங்க என்னத்தக் கத்துக்குவாங்க?"

டீச்சர் அவர் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு மறுபடி ஊதினார்.

"பாட்டு விட்டுப்போச்சு. அவுட்."

புழுதி அடங்கி, இரண்டு பெரிய பாதங்கள் நிற்கிற இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"மொதல்ல ஊதுனது பொய்யிங்களே."

"ஆமாங்க. பொய்."

"ரெண்டாவது?"

"அது நிஜங்க."

"நாயந்தானுங்க," என்றது குரல், யோசித்து. போவதற்குத் திரும்பின தடம் நின்றது. "ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. அன்னைக்கு நான் கோட்டத் தொட்டனுங்களா?"

தொட்டீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த ஆள் போய்விடுவார். டீச்சருக்கு அது நன்றாகத் தெரிந்தது. வாய்வரைக்கும் வந்தது. வாயில் விசிலின் தகர ருசி இன்னும் இருந்தது.

"நான் அன்னைக்கு இங்க இல்லீங்க," என்றார்.

"ஆமாங்க. நெசமாப் பாத்தவங்க ஆருமே இல்லீங்க."

தடங்கள் நிதானமாக ஓரத்துக்குப் போயின, குதிகாலும் பதிந்தபடி. அவுட்டானவர்கள் உட்காருகிற வரிசையின் கடைசியில், மண்ணில் ஒரு ஆள் உட்கார்ந்த அழுத்தம் விழுந்தது. அந்த நொடியில் வேலுமணி கட்டிலிலிருந்து இறங்கி, யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி சுற்றும்முற்றும் பார்த்தான். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பின்பக்கம் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

"யாரும்மா அவுட்டு?" என்றாள் ரோசி. பதிலுக்குக் காத்திராமல் ஓடினாள். மைதானத்தைச் சுற்றி, வேலியைச் சுற்றி, ராசப்பனைச் சுற்றி ஓடினாள். டீச்சர் கோட்டின்மேல் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். ரோசியின் காலடிச் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது.

ஊரில் மறுபடி மிளகாயைக் கோழி கொத்தியது. பொன்னாத்தாள் கூடையைத் திருப்பிக் கேட்டார்.

மணியன் எங்கும் போகவில்லை. அவுட்டான ஆள் மறுபடி உள்ளே வர வேண்டுமானால் அவர் பக்கத்து ஆள் யாராவது பாடிப் போய் ஒருவரைத் தொட்டு வர வேண்டும். அவர் பக்கத்தில் அவரைத் தவிர யாரும் இல்லை. ஆனால் ஊர் என்று இருந்தால் சாவும் விழத்தான் செய்யும், புதிதாகப் போகிறவர்கள் எந்தப் பக்கம் சேர்வார்கள் என்று யாருக்குத் தெரியும். அதனால் செல்வமேரி டீச்சர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். ஊருக்குள் பறைச் சத்தம் கேட்ட நாளில் கடைசிப் பீரியடுக்குச் சடுகுடு கிடையாது. வாசலில் கயிறு தாண்டுதல். எண்பத்து நாலில் மருதாசலம் சார் காலமானபோது மட்டும், அவரும் பழைய ஆட்டக்காரர் என்பதால், ஒரு மாசம் முழுக்கப் பிள்ளைகள் கயிறுதான் தாண்டினார்கள்.

இத்தனைக்கும் ஊஞ்சக்காட்டுப்பாளையத்துக்குப் பள்ளிக்கூடமே வந்தது தொண்ணூற்றிரண்டாம் வருஷம்தான். சொன்ன வாய் இன்றைக்கும் வெற்றிலையால் சிவந்துதான் இருக்கிறது.