போயா நாள் சீடிகள்

மேசைக்கு அடியில் தலையைக் கொடுத்து, கம்பியூட்டர்ப் பெட்டியின் பின்னாலிருந்த வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான் வரதராசா. அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு திரைச்சேலை மட்டும்தான். அதற்கு அந்தப் பக்கம் அவன் மனைவி சிவமணியைச் சவப்பெட்டியில் வைத்திருந்தார்கள். மாமியார் நல்லம்மாவின் ஒப்பாரி ஏறி ஏறி வந்து இருமலில் உடைந்தது.

“மாப்ள, இப்ப போயி இதக் கழட்டித்தான் ஆவணுமா?” மாமனார் செல்லச்சாமி திரைச்சேலையை விலக்கிக்கொண்டு நின்றார்.

“ஓம் மாமா. அவவின்ர படமெல்லாம் இதுக்குள்ளதான்.”

“ஸ்டூடியோக்காரன் பகலைக்குள்ள குடுத்தாத்தான் பிரேம் போட்டுத் தரலாம்னு சொல்லிட்டான். அந்திக்கு எடுக்கிறோம்.” அவர் சட்டைப்பையில் விரலை விட்டார். “எங்கிட்ட இது இருக்கு. இதயே பெருசாக்கிட்டா என்ன?”

சிவமணியின் அடையாள அட்டை. ஆஸ்பத்திரியில் பிரேதத்தைக் கையேற்கும்போது அவர் வாங்கி வைத்துக்கொண்டது. கறுப்பு வெள்ளைப் படம், பள்ளிக்கூடம் முடிக்கும் வயதில் எடுத்தது. இரண்டு காதும் தெரிய, பொட்டில்லாத நெற்றியோடு, எதையோ களவெடுத்துப் பிடிபட்டவளைப் போல நேரே பார்த்தாள்.

அந்த முகத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும். கொழும்புக்குப் போகும் வழியில் ஆமிக்காரர் எல்லாரையும் பஸ்ஸிலிருந்து இறக்கி வரிசையில் விடுவார்கள். டோர்ச் வெளிச்சம் முதலில் அட்டையில் விழும். பிறகு அவள் முகத்தில். மறுபடியும் அட்டையில். அந்த நேரத்துக்கென்று அவளும் அதே முகத்தை எடுத்துப் போட்டுக்கொள்வாள். பஸ் புறப்பட்ட பிறகு அவன் காதருகே, “படத்துல இருக்கிற மாதிரியே முழிச்சாத்தாங்க விடுவாங்க. சிரிச்சா வேற ஆளுன்னு புடிச்சிக்குவாங்க” என்பாள்.

“இது வேண்டாம் மாமா,” என்றான். “தலைமாட்டில இது வேண்டாம்.”

செல்லச்சாமி அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சட்டைப்பைக்குள் வைத்தார். “அப்ப வேற ஒண்ணு பாருங்க. படமே இல்லாம அனுப்புனா அவ அம்மா தாங்க மாட்டா.”

கல்யாண ஆல்பம் என்று அவர்களுக்கு ஒன்று இல்லை. யாழ்ப்பாணத்தான் ஒருவன் தோட்டத்துப் பெண்ணைக் கட்டுவதில் அவன் வீட்டுக்கும் விருப்பமில்லை, அவள் வீட்டுக்கும் விருப்பமில்லை. கண்டியில் கையெழுத்தோடு முடிந்த கல்யாணம். கந்தோரில் கூட வேலை செய்த நண்பன் ஒருவன் தன் டிஜிட்டல் கமெராவில் எடுத்ததுதான் படம். பிறகு வரதராசாவே ஒரு கமெரா வாங்கினான். வாங்கியவன் அவன், பிடித்தவள் அவள். எல்லாம் இந்தப் பெட்டிக்குள் கிடந்தன.

டெங்குக் காய்ச்சலோடு அவளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த கிழமை, ஒரு பின்னேரம் ஊரே அதிர இடி விழுந்தது. சித்திரை மழைக்கு முன்பு கம்பியூட்டரிலிருந்து டெலிபோன் வயரையும் கழற்றிவிட வேண்டும் என்பது கட்டுகஸ்தோட்டையில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கிழமை அவனுக்கு எதுவும் தெரியவில்லை. இன்று காலை பொத்தானை அழுத்தியபோது கருகிய மணம் மட்டும் வந்தது.

பாலத்தடியில் கம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கும் ஹபீல் வந்தான். முதலில் கூடத்தில் கொஞ்ச நேரம் கைகட்டி நின்றான். பிறகு லெப்டொப்பையும் திருகாணிப் பையையும் தூக்கிக்கொண்டு அறைக்குள் நுழைந்தான். பெட்டியைத் திறந்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, வேறு வயரில் மின்சாரம் கொடுத்து, அதைக் காதில் வைத்துக் கேட்டான்.

“சேர், இது சுத்துறதே இல்ல. இடி டெலிபோன் வயரால வந்து அடிச்சீக்கி.”

“ஒண்டும் செய்ய ஏலாதா?”

“கொழும்புல ஒராள் ஈக்கார். குடுத்துப் பாக்கலாம். எடுத்துத் தருவார்னு எனக்குச் சொல்ல ஏலா.”

“நான் கொண்டு போறன்.”

ஹபீல் கையிலிருந்த இரும்புத் துண்டைப் பார்த்தான், அதில் தொங்கிய வயரைப் பார்த்தான், பிறகு அவனைப் பார்த்தான். “நீங்களா? இத பேக்ல வெச்சிட்டு செக் பொயின்ட்ல எறங்கினா, இது என்னத்துக்குன்னு நீங்க விளங்கப்படுத்தி முடிய முந்தி ஒங்களையும் கழட்டிப் பாப்பாங்க. வேணாம் சேர். நான் கொண்டு போறன்.” டிஸ்க்கை ஒரு கைக்குட்டையில் சுற்றினான். “பெக்கப் இல்லியா?”

“இருக்கு,” என்றான் வரதராசா. விடிந்ததிலிருந்து அவன் திடமாகச் சொன்ன சொல் அதுதான்.

பெக்கப் இல்லாமல் போகாது. தொண்ணூற்றைந்தில் ஊரோடு இடம்பெயர்ந்தபோது அவன் வீட்டு ஆல்பங்கள் சுவர் அலுமாரியிலேயே கிடந்தன. திரும்பிப் போனபோது சுவரே இல்லை. அப்பாவின் முகம் அவனுக்கு இப்போது மூக்குக்கண்ணாடியாக மட்டும்தான் ஞாபகம். ஆகவே படமென்றால் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவன் வீட்டுச் சட்டம். மாதாமாதம் போயா என்னும் பௌர்ணமி விடுமுறையில் புதுப் படங்களையெல்லாம் சீடியில் எழுதிவிட வேண்டும். எழுதும் வேலை சிவமணியுடையது. போயாவில் சமையல் அவனுடையது.

சிவமணிக்கு அந்தச் சட்டத்தில் பெரிய மரியாதை இல்லை. அவளிடம் வேறொரு சட்டம் இருந்தது. யாரைப் படம் பிடித்தாலும் ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவாள். அவள் படிப்பிக்கும் வகுப்புப் பிள்ளைகள், மீன்காரர், அயலவர், ஒருவரையும் விட்டதில்லை. சம்பளத்தில் பாதி ஸ்டூடியோக்காரனுக்கே போகுது என்று அவன் ஒருநாள் சொல்லிப் பார்த்தான்.

“எண்பத்து மூணு கலவரத்துல மாத்தளையில எங்க வீட்ட எரிச்சப்ப, வீட்டுல ஒரு படமும் மிஞ்சலங்க. நான் கைப்புள்ளையா இருக்கிற படம் ஒண்ணு பக்கத்து வீட்டு சிங்களத்தம்மாகிட்ட இருந்திச்சி. அதுதான் மிச்சம். நம்ம வீட்டுல மட்டும் இருக்கிறதெல்லாம் இருக்கிற மாதிரியா?”

“அதுக்குத்தான் சீடி.”

“அந்த சீடியும் நம்ம வீட்டுலதானே இருக்கு?”

அவன் குசினிக்குப் போய்ப் பருப்பில் உப்பைப் பார்த்தான்.

வரதராசா மேசை லாச்சியை இழுத்தான். சீடிகள் ஒழுங்காக அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் அவளுடைய உருண்டை எழுத்தில் அந்தந்தப் போயாவின் பெயர். வெசாக். பொசொன். எசல. ஹபீல் முதலாவதை லெப்டொப்பில் போட்டான். உள்ளே ஒரேயொரு மஞ்சள் உறை, அதன் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி. அமத்தினான். அப்படியொன்று இல்லை என்றது லெப்டொப். அடுத்ததைப் போட்டான். அதே உறை, அதே அம்புக்குறி. அதற்கடுத்ததிலும் அதுதான்.

ஹபீல் தொண்டையைச் செருமினான். “சேர், இது படமில்ல. படம் எங்க ஈக்கின்னு காட்டுற ஷோர்ட்கட். வெளியால இழுத்துப் போட்டா அது மட்டும்தான் வரும். நெறையப் பேர் இப்பிடித்தான்…”

வரதராசா திரையைப் பார்த்தபடி இருந்தான். அந்த ஷோர்ட்கட்டை அவளுக்குச் செய்து கொடுத்ததே அவன்தான். ‘டி’ டிரைவுக்குள் போ, அதற்குள் இதற்குள் போ என்று சொன்னால் அவள் குழம்புவாள் என்று, முன்னாலேயே வைத்து, “இதை இழுத்து உதில போடு, அவ்வளவுதான்” என்று சொல்லிக் கொடுத்திருந்தான். அவளும் இழுத்துப் போட்டாள். அவன் வெங்காயம் உரித்து முடிக்க முன்னரே குசினி வாசலில் வந்து நிற்பாள். “முடிஞ்சிருச்சி. நீங்கதான் இதுக்கு நேரமெடுக்கும், நேரமெடுக்கும்னு பயங்காட்டுனீங்க. என் கைக்கு நிமிசத்துல எழுதுதுங்க” என்பாள். பிறகு மேலே எழுதிய மை காய ஊதி ஊதி லாச்சியில் வைப்பாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் வந்தது. அடக்கப் பார்த்தான். அடங்கவில்லை. மேசையில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தான்.

கூடத்தில் ஒப்பாரி நின்றது.

செல்லச்சாமி உள்ளே ஓடிவந்தார். “மாப்ள, என்னா? என்னா செய்யுது?”

“ஒண்டுமில்லை மாமா.” அவன் கண்ணைத் துடைத்தான். “உங்கட மகள் ஒவ்வொரு போயாவுக்கும் குந்தியிருந்து எழுதின சீடி. பாருங்கோ.”

அவர் குனிந்து பார்த்தார். “என்னது, அம்புக்குறியா?”

“ஓம். படம் இருக்கிற இடத்தைக் காட்டுற அம்புக்குறி.”

“சரி. எங்க இருக்கு?”

“எரிஞ்ச பெட்டிக்குள்ள.”

செல்லச்சாமியின் வாயோரம் கோணியது. “சின்னதுல கடைக்கு சீனி வாங்க அனுப்புவேன். சல்லியக் குடுத்துட்டு, சீனிய அங்கனயே வச்சிட்டு, கடக்காரனுக்கு ஆயுபோவன்னு வணக்கம் சொல்லிட்டு வெறும் பையோட வந்து நிப்பா. கேட்டா, ‘வாங்கிட்டேனேப்பா’ம்பா.” அவர் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். ஹபீல் எழுந்து அவருக்கு இடம்விட்டான்.

“அப்ப அந்த அட்டைதான் மாப்ள,” என்றார் பிறகு.

வரதராசா சீடிகளைத் திரும்ப லாச்சியில் அடுக்கினான்.

பின்வாசலில் றலியா உம்மா நின்றிருந்தார். பக்கத்து வீடு. செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று விடியலிலிருந்து பிளாஸ்க் பிளாஸ்காகத் தேத்தண்ணி கொண்டுவந்துகொண்டிருந்தார். “படமா தேடுறீங்க, தம்பி?” என்றார். “எங்கட ஊட்ல ஒண்டு ஈக்கி. எங்கட மகள் ஹிதாயாட கலியாணத்தில எடுத்த. சிவமணிப் புள்ளதான் பிரிண்ட் போட்டுக் கொணந்து தந்த.”

போனவர் வரச் சுணங்கியது. வந்தபோது முந்தானைக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்தார். நாலு மூலையிலும் செலோடேப், அதில் பழுப்புப் பெயின்ட் உரிந்து ஒட்டியிருந்தது. “சொவர்ல படம் தொங்கப்போட இவர் உட மாட்டார், தொழுற எடம்னு. அலுமாரிக் கதவுக்கு உள்பக்கமா ஒட்டி வெச்சீந்தன். சாரி எடுக்கப்போற நேரமெல்லாம் பாப்பன்.”

கல்யாண வீட்டுப் பின்பக்கம். விருந்துச் சகன் தட்டுகள் கழுவாமல் குவிந்திருந்தன. சிவமணியின் கன்னம் உப்பியிருந்தது. வாய் நிறைய வட்டிலப்பம். பிடிபட்டுவிட்டோம் என்று வாயை மூடப் போன கை பாதியில் நிற்க, கண்ணெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் றலியா உம்மா அவள் தோளைப் பிடித்து ஏதோ ஏசிக்கொண்டிருந்தார். கமெராவை அன்று யாரோ அவளிடமிருந்து பறித்திருக்க வேண்டும்.

“வாயில தீனியோடயா?” என்றார் செல்லச்சாமி மெதுவாக. “வாறவங்க என்னா சொல்லுவாங்க, மாப்ள?”

“சிவமணி எண்டு சொல்லுவினம், மாமா.”

“என்ன மட்டும் வெட்டி எடுத்திரச் சொல்லுங்க,” என்றார் றலியா உம்மா. “மய்யித்து ஊட்டுப் படத்தில நான் நிக்க ஏலாதே.”

ஸ்டூடியோக்காரன் பிரதி எடுத்து, அதில் வெட்டினான். தோளைப் பிடித்த கையை மட்டும் வெட்ட முடியவில்லை. வெட்டினால் சிவமணியின் தோளும் போய்விடும். ஆகவே, பெரிதாக்கிய படத்தில் வளையல் போட்ட ஒரு கை எங்கிருந்தோ வந்து அவளைப் பிடித்திருந்தது. தலைமாட்டில் வைத்தபோது நல்லம்மா ஒப்பாரியை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள். பிறகு, “மெதுவாத் தின்னுடி,” என்றாள். அதற்குப் பிறகு அவள் ஒப்பாரி வைக்கவில்லை.

அந்தியில் மஹியாவை மயானத்துக்குப் புறப்பட்டார்கள். வடக்கில் ஏதோ ஓர் ஊர் ஆமியிடம் பிடிபட்டதாம், டவுன் பக்கம் வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். பாலத்தடியில் பிரேத வண்டியை மறித்தார்கள். துவக்கோடு ஒரு இளம் சிப்பாய் முன் கண்ணாடிக்குள் குனிந்தான். வரதராசாவின் மடியில் படம் இருந்தது. சிப்பாய் அதைப் பார்த்தான். அவன் உதடு தன்னையறியாமல் கொஞ்சம் நெகிழ்ந்தது. உடனே வண்டிக்குள் கிடந்த பெட்டியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். அட்டை எதுவும் கேட்கவில்லை. கையைக் காட்டி விட்டுவிட்டான்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து மாமனாரும் மாமியாரும் மாத்தளைக்குப் புறப்பட்டார்கள். நல்லம்மா பிரேம் போட்ட படத்தைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள்.

“கொண்டு போங்கோ மாமி,” என்றான்.

வீட்டில் ஸ்டூடியோ உறை மட்டும் மிஞ்சியது. அதற்குள் றலியா உம்மா கொடுத்த மூலப் படம். அவன் அதை மேசையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு செலோடேப்பையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனான்.

றலியா உம்மாவின் கணவர் ஹாஷிம் கதவைத் திறந்தார். “வாங்க மகன், உள்ளுக்கு வாங்க.”

“உம்மாட படத்தைக் குடுக்க வந்தனான்.”

றலியா உம்மா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “என்ன கத இது? ஒங்களிட்டத்தான் ஒண்டுமே இல்லியே. நீங்க வெச்சிக்கங்க தம்பி.”

“டிஸ்க்கைக் கொழும்பில குடுத்திருக்கு. ஹபீல் பாத்துச் சொல்லுறன் எண்டவர்.”

“அது வரட்டும். வாறமட்டும் இத வெச்சிக்கங்க.”

“இல்லை உம்மா. அவ உங்களுக்குத் தந்தது.”

றலியா உம்மா கணவரைப் பார்த்தார். ஹாஷிம் நிலத்தைப் பார்த்தார். பிறகு தாமே முன்னால் போய் அறையின் திரைச்சேலையை விலக்கினார்.

அலுமாரிக் கதவின் உள்பக்கம் பெயின்ட் உரிந்த நாலு மூலைகளும் அப்படியே இருந்தன. வரதராசா படத்தை அந்த இடத்தில் வைத்து, ஒவ்வொரு மூலையாக ஒட்டி, பெருவிரலால் தேய்த்துவிட்டான். மடித்த சாரிகளிலிருந்து பூச்சி உருண்டை மணத்தது. கதவைச் சாத்தினான். அது மெதுவாகத் திரும்பவும் திறந்துகொண்டது.

“பழைய கொண்டி, மகன். பிடிக்காது,” என்றார் ஹாஷிம். “கடுதாசி மடிச்சு வெச்சா நிக்கும்.”

கடுதாசி எடுக்க அவர் போகவில்லை. மற்ற இருவரும் போகவில்லை. கதவு படம் தெரியப் பாதி திறந்தபடி நின்றது.